அக்காவின் காலடியில் இருந்த பிரேக்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் அக்கா. அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்கா பிறந்தது சேத்தியாத்தோப்பில். அப்பா சிதம்பரம் கார் ஸ்டாண்டில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். முதுகுவலி முற்றி அவரால் ஸ்டீரிங் பிடிக்க முடியாமல் போனபோது அக்காவுக்கு இருபது வயது. சாவியை அக்கா எடுத்துக்கொண்டார். "பொம்பளப் புள்ள ஓட்டுனா எவன் ஏறுவான்?" என்று ஸ்டாண்டில் கேட்டார்கள். பிரசவத்துக்குப் போகிற பெண்கள் ஏறினார்கள். ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போகிற பெரியவர்கள் ஏறினார்கள். அந்த வண்டி ஓடியதால்தான் நான் படித்தேன்.

திருமணமாகிக் கடலூருக்கு வந்ததும் மாமாவும் அக்காவும் திருப்பாதிரிப்புலியூரில் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தார்கள். பயிற்சி வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். ஸ்டீரிங்கும் ஆக்சிலேட்டரும் கற்றுக்கொள்பவரிடம்தான். "நிப்பாட்டுறது நான். போறது நீங்க. பயப்படாதீங்க" என்று முதல் வகுப்பில் அக்கா சொல்வாராம்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ஒரு மாணவியுடன் தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் இருந்தார். வண்டியோடு இருவரும் தப்பி வந்தார்கள். சாமி காப்பாற்றியது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அன்று சாயங்காலம் அக்கா பின்கதவுக் கண்ணாடியை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று மாமா சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஞாயிறு வகுப்பு இல்லை. கடற்கரைப் பக்கம் எந்த மாணவியையும் அவர் அழைத்துப் போகவும் இல்லை. பயந்துவிட்டார் என்று நினைத்தோம்.

ஓய்வுபெற்றபின் அவருக்கு ஒரே ஆசைதான் இருந்தது. சென்னை போகும் வழியில் ஒருவர் தாம் சேர்த்த பழைய வண்டிகளையெல்லாம் வைத்து ஒரு கார் மியூசியம் திறந்திருந்தார்; அதைப் பார்க்க வேண்டும். மாமாவும் நானும் என் மனைவியும் அக்காவை அங்கே அழைத்துச் சென்றோம். அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஹெரால்டின் முன்மூடி எந்தப் பக்கமாகத் திறக்கும், பழைய பியட்டில் கியர் எங்கே இருக்கும் என்று வழிகாட்டிக்கு அவரே சொல்லிக்கொண்டு வந்தார். கறுப்பு அம்பாசடரின் பானெட்டைத் தடவி, "அப்பா வண்டி இத விட ஜாஸ்தி பளபளப்புடா" என்றார்.

கடைசிக் கூடத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் இருந்தது. உள்ளே இருக்கும் இரட்டைப் பெடல்கள் தெரிவதற்காக இடப்பக்கக் கதவைக் கழற்றி வைத்திருந்தார்கள். அக்கா அதன் முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு கயிற்றைத் தாண்டிப் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். காவலர் ஓடிவந்தார். என் மனைவி அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, பிரேக் இங்கதான் இருந்துச்சு. என் கால்கிட்ட. நான் அமுக்கல."

"எப்பக்கா?"

"அன்னைக்கு. ஒரு பொம்பள இடுப்புல கொழந்தையோட ஓடியாந்தா. பின்கதவுக் கண்ணாடியில கைய வச்சு அடிச்சா. கதவு பூட்டியிருந்துச்சு. ஒரு நிமிஷம் நிப்பாட்டியிருந்தா ஏறியிருப்பா. பின்னாடி தண்ணி வருது. நான் நிப்பாட்டல."

"வண்டிய ஓட்டுனது யாருக்கா?"

அக்காவின் முகம் மாறியது. "அது எதுக்கு உனக்கு? பழகிக்கிட்டிருந்த பொண்ணு. அவ மேல தப்பு ஒண்ணுமில்ல."

இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்த மாமாவுக்கும் அன்றுதான் தெரிந்தது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுவாரம் அக்காவும் நானும் தேவனாம்பட்டினம் போனோம். அடையாளமாகச் சொல்ல அவரிடம் அதிகம் இல்லை. ஒல்லியான பெண், மஞ்சள் புடவை, மொட்டையடித்த குழந்தை. தெருத்தெருவாகக் கேட்டோம். மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வேலையை நிறுத்தாமலே கேட்டார்: "அன்னைக்குப் புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடாதவ யாரும்மா? நீங்க எவளத் தேடுறீங்க?" அக்கா அடுத்த தெருவுக்கு நடந்தார். இன்னும் மூன்று முறை போனோம். தெரிந்தவர் எவரும் இல்லை. பிறகு அக்காவால் நடக்க முடியவில்லை.

சிறுநீரகம் பழுதாகிச் சிதம்பரத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். கடைசிப் பத்து நாட்கள் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நினைவு இல்லாத வேளைகளில் போர்வைக்குள் அவருடைய வலது கால் மட்டும் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். குதிகால் தேய்ந்து புண்ணானது. "கால் வலிக்குதாம்மா?" என்று நர்ஸ் கேட்பார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும். நானும் மாமாவும் மாறிமாறி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிடியில் அது ஓயாது. ஒரு விடியற்காலையில் ஓய்ந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் ஒரு பெண்மணி பந்தி முடிந்தும் போகாமல் நின்றார். பெயர் ஷகிலா என்றார். பக்கத்தில் வளர்ந்த மகள். "சுனாமி அன்னைக்கு அக்கா வண்டிய ஓட்டுனது நாந்தான்" என்றார்.

மாமா எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. அக்கா மியூசியத்தில் சொன்னதை நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"அப்படியா சொன்னாங்க? இல்லண்ணே. அக்கா அமுக்குனாங்க. ரெண்டு காலையும் வச்சு அமுக்கி வண்டிய நிப்பாட்டிட்டாங்க. பின்னாடி திரும்பிக் கதவுப் பூட்டக்கூட எடுக்கப் போனாங்க. நாந்தான் அவுங்க முழங்காலப் புடிச்சு இழுத்தேன். எனக்கு மூணு மாசம், வயித்துல புள்ள இருக்கு, போயிரலாம்க்கான்னு கத்துனேன். அதுக்கப்புறந்தான் கால எடுத்தாங்க. அவுங்க மூஞ்சியில முழிக்கப் பயந்துக்கிட்டே இத்தன வருஷம் வரல."

அந்த மகள் போய் அக்காவின் படத்துக்கு முன் நின்றாள். அவளுக்கும் இது புதிய செய்தி என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

அக்கா செய்ததை எப்படிச் சொல்வது என்று இந்த ஓராண்டாக யோசிக்கிறேன். ஒரு பெண் தன் வயிற்றுக் குழந்தைக்காகக் கத்தியதை அவர் கேட்டார். அதற்காக இன்னொரு பெண்ணை விட்டுவிட்டு வந்தார். பிறகு முதலாமவளின் பங்கையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, எங்களிடம் பொய் சொல்லிவிட்டுப் போனார். அவர் எங்களிடம் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த, முறைவைத்து வண்டி ஓட்டிவந்த பழைய மாணவிகளுக்கும், மாமாவுக்கு ஒரு வேளையும் தவறாமல் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாமாகவே வந்து உண்மையைச் சொன்னதோடு, பெயரைப் போட்டே எழுதுங்கள் என்றும் சொன்ன ஷகிலா அவர்களுக்குத் தலைவணங்குகிறோம்.

இந்த மலரைத் தேவனாம்பட்டினத்திலும் கொடுக்கிறோம். படிக்கும் யாருக்காவது அந்தத் தாயையும் குழந்தையையும் தெரிந்திருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். நல்லதானாலும் கெட்டதானாலும் சொல்லுங்கள். கேட்பதற்கு அக்கா இல்லை; நாங்கள் இருக்கிறோம்.