பெரியப்பா குளிக்க வந்த கோடை

அந்த மே மாதம் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடைத்தாள் திருத்தி முடித்தால் எனக்கும் லீவு, பிள்ளைகளுக்கும் லீவு. என் மனைவி நர்ஸ். நோயாளிகளுக்கு லீவு கிடையாது, அதனால் அவளுக்கும் கிடையாது. காலையில் ஸ்கூட்டியை எடுக்கும்போது கீழே நின்றபடி மாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கிளம்புவாள்.

"சின்னவனை வெயில்ல விடாதீங்க. டிவி ஜாஸ்தி போடாதீங்க. ரெண்டும் அடிச்சிக்காம பாத்துக்கோங்க."

இந்த மூன்றையும் ஒரே வீட்டில், ஒரே நாளில் செய்ய முடியாது என்பது லீவு விட்ட முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. டிவியை நிறுத்தினால் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றால் வெளியே விட வேண்டும். வெளியே விட்டால் வெயில். திருவண்ணாமலை வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பகலெல்லாம் சூரியன் காய்ச்சும். சூரியன் இறங்கிய பிறகு, அதுவரை சூட்டை வாங்கி வைத்திருந்த மலை காய்ச்ச ஆரம்பிக்கும்.

மகளுக்கு எட்டு வயது. எதையும் யோசித்து, திட்டம் போட்டுச் செய்கிறவள். மகனுக்கு நாலு. அக்கா போடும் திட்டத்தை முதல் ஆளாக ஓடிப்போய்ச் செய்துவிட்டு, அப்புறம் அது என்ன திட்டம் என்று கேட்பவன்.

நாங்கள் குடியிருப்பது செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். ஊரே அவரை ஓனரம்மா என்று கூப்பிட்டது. எங்களைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். ஓனரம்மா நல்ல மனுஷிதான். ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவரிடம் பேச முடியாது. குடிவந்த நாளிலேயே சொல்லிவிட்டார்: "வாடகை முன்னப்பின்ன ஆனாக்கூட பரவால்ல சார். தண்ணி மட்டும் பாத்து பொழங்குங்க." எங்கள் பாத்ரூமில் குழாய் ஒரு நிமிஷம் கூடுதலாக ஓடினால், கீழேயிருந்து "சார்ர்ர்" என்று குரல் வரும்.

அந்த ஓனரம்மாவின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒரு நாள் காலையில் வெடித்தது. வெயிலில் காய்ந்து காய்ந்து அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் உளுத்துப் போயிருந்தது போலிருக்கிறது. மேல்பகுதியில் நீளமாக ஒரு விரிசல். சுவரெல்லாம் தண்ணீர் வழிந்தது. ஓனரம்மா வாசலில் நின்று, யாரோ செத்துப்போனதுபோல வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். சாயங்காலத்துக்குள் பிளம்பர் வந்து புதுத் தொட்டியை மாட்டிவிட்டுப் போனார். பழையது மொட்டைமாடியின் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது.

மறுநாள் அதை ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றி வந்த என் மகள் சொன்னாள்: "அப்பா, மேலதான ஒடஞ்சிருக்கு? கீழ நல்லாத்தான இருக்கு? பாதியா வெட்டுனா ஸ்விம்மிங் பூல் ஆயிடும்ல?"

"வெட்டலாம். தண்ணிக்கு எங்க போறது? ஓனரம்மா கிட்ட நீயே கேட்டுட்டு வா" என்றேன். கேட்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

அவள் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். நான் படிக்கட்டு வளைவில் நின்று கேட்டேன்.

"ஓனரம்மா, நீங்க தெனம் சாயங்காலம் செடிக்குத் தண்ணி ஊத்துறீங்கல்ல?"

"ஆமாம், அதுக்கின்னா?"

"அந்தத் தண்ணிய காலையிலேயே எங்களுக்குக் குடுத்துடுங்க. நாங்க அதுல வெளையாடிட்டு, சாயங்காலம் ட்யூப் வெச்சு செடிக்கே விட்டுடறோம். உங்களுக்கு ஒரு சொட்டு கம்மியாவாது. குடம் தூக்குற வேலையும் இல்ல."

 ஓனரம்மா மாடியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சார்! இது நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"சத்தியமா இல்லம்மா" என்றேன் படிக்கட்டிலிருந்து.

"சோப்பு போடக் கூடாது. முருங்க பட்டுப்பூடும். அப்புறம்..." என்று என் மகனைப் பார்த்தார். "தம்பி, நீ தண்ணிக்குள்ள ஒன்னுக்குப் போவக் கூடாது."

"போமாட்டேன்" என்றான் அவன். உண்மையை மட்டுமே பேசுகிறவனின் முகம்.

அன்று காலை முழுக்க நான் ரம்பம் போட்டேன். கணக்கு வாத்தியார் ரம்பம் போட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் முழங்கால் உயரம், இன்னொரு பக்கம் அதைவிடக் கொஞ்சம் தாழ்வு. விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க, பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கீறிச் சுற்றிலும் மாட்டினேன். நிழலுக்கு, கொடியில் கிடந்த ஒரு பழைய புடவையை எடுத்து நாலு மூலையிலும் கட்டினேன். தரை சுடாமல் இருக்க மகள் கோணிப்பையை நனைத்து விரித்தாள். வெட்டி எடுத்த மேல்பாதியைச் சுவரோரம் தள்ளி வைத்தேன்.

தண்ணீர் விட்டதும் இரண்டு பேரும் இறங்கிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். மகள் உடனே சட்டம் போட்டாள். தள்ளிவிடக் கூடாது. தண்ணியைக் குடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாராக இருந்தாலும் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். அதற்கென்று பக்கத்தில் ஒரு வாளியும் மக்கும் வைத்தாள். நான் கால் கழுவாமல் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு வாங்கிய திட்டை என் தலைமை ஆசிரியரிடம்கூட வாங்கியதில்லை.

சாயங்காலம் ட்யூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு, மறுமுனையைக் கீழே நின்று வாயால் உறிஞ்சினேன். தண்ணீர் சட்டென்று வந்து ஒரு வாய் உள்ளே போய்விட்டது. மாடி விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்த மகன் அக்கறையாகக் கேட்டான்: "நல்லாருக்காப்பா?" அந்தக் கேள்வியை நான் அதற்குமேல் ஆராயவில்லை. முருங்கை, ரோஜா, கனகாம்பரம் எல்லாவற்றுக்கும் தண்ணீர் பாய்ந்தது. ஓனரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

மனைவி வேலை முடிந்து வந்து நேராக மேலே ஏறினாள். தொட்டியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"ஏங்க, இது என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த பொடவைங்க."

"பழசுன்னு நெனச்சேன்."

"அலசி காயப்போட்டேங்க!"

மறுநாள் அங்கே ஒரு போர்வை கட்டப்பட்டது.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியான வெயில் உச்சத்தில் இருந்தபோது, நான் தொட்டிக்குப் பக்கத்தில் போர்வை நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் தண்ணீருக்குள் கழுத்தளவு உட்கார்ந்து, மாம்பழத் துண்டுகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. அங்கே ஒரு பெரிய வேப்பமரம். அதன் கிளை ஒன்று எங்கள் மாடிச் சுவரைத் தொட்டபடி இருக்கும். அந்தக் கிளை அசைந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் குரங்குகள் வரிசையாகக் கைப்பிடிச் சுவரில் இறங்கிவிட்டன. வயிற்றில் குட்டி தொங்க இரண்டு மூன்று தாய்கள், வாலில்லாத ஒரு கிழம், குட்டிக் கூட்டம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கடுவன். நல்ல பருமன். அது நிதானமாக நடந்து வந்து, தொட்டி விளிம்பில், என் மகனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தது.

மலையிலிருந்து ஊருக்குள் குரங்கு வருவது எங்களுக்குப் புதிதில்லை. ஜன்னல் வழியாக வாழைப்பழம் போயிருக்கிறது. ஆனால் கையெட்டும் தூரத்தில், என் பிள்ளைகளுக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்ததில்லை. குச்சி படிக்கட்டு அறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. எழுந்தால் அது பாயுமா, எழாவிட்டால் கடித்துவிடுமா என்று தெரியாமல் ஸ்டூலோடு ஒட்டிக்கொண்டேன். மகள் மூச்சுவிடாமல் என்னையே பார்த்தாள்.

என் மகன் மட்டும் அதைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு சொன்னான்:

"பெரியப்பா, கால் கழுவிட்டு வாங்க."

பெரிய ஆளாகத் தெரிந்ததால் பெரியப்பா. அவ்வளவுதான் அவன் கணக்கு. அந்தக் கடுவன் தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது. பிறகு கையை நீட்டி, தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த மாம்பழக் கொட்டையை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து சப்ப ஆரம்பித்தது.

அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் வாரித் தூக்கிக்கொண்டு படிக்கட்டு அறைக்குள் பாய்ந்து, கம்பிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.  மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மகனோ கீழே இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "அய்ய, கால் கழுவாமலே எறங்குறாங்கப்பா!"

பார்த்தால், மொத்தக் கூட்டமும் தொட்டிக்குள். குட்டிகள் கைப்பிடிச் சுவரிலிருந்து ஓடிவந்து குதித்தன. மூழ்கி, எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்ப ஓடிப்போய்க் குதித்தன. ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிட்டது. தாய்க்குரங்கு ஒன்று மக்கை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் மகளும் தலையைத் தூக்கினாள். எங்கள் வீட்டில் நடக்கிற எல்லாமே அங்கேயும் நடந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் சிரிக்க ஆரம்பித்தோம்.

சத்தம் கேட்டு ஓனரம்மா மூங்கில் கழியோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். "இன்னா சார், மாடியே இடிஞ்சி வுழற மாதிரி..." என்றவர் கம்பிக்கதவு வழியாகப் பார்த்தார். கழியை ஓங்கவே இல்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு குட்டி வழுக்கித் தலைகுப்புற விழுந்ததும், அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போகும்போது கடுவன் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் மகனின் சிவப்பு ஜட்டியை உருவி எடுத்துக்கொண்டு போனது. அது எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவில் ரொம்ப நாள் தொங்கியது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மனைவி போன் செய்தாள். மகன்தான் எடுத்தான்.

"அம்மா, பெரியப்பா வந்தாரு. நம்ம தொட்டியில குளிச்சாரு. மாங்கா கொட்ட சாப்ட்டாரு. போவும்போது என் ஜட்டிய எடுத்துட்டுப் பூட்டாரு."

எனக்குச் செங்கத்தில் நிஜமாகவே ஒரு அண்ணன் இருக்கிறார். ரொம்ப கௌரவம் பார்க்கிறவர். மனைவி அவரைத்தான் நினைத்துவிட்டாள். "போனை அப்பா கிட்ட குடு" என்றாள். நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் பக்கத்தில் இருந்த நர்ஸுகளெல்லாம் சிரிப்பது கேட்டது. அடுத்த நொடி அவள் குரல் மாறியது. "யாரையாவது கீறிச்சா? நல்லா பாத்தீங்களா? கை, கால், முதுகு?" பார்த்தேன் என்றேன். சாயங்காலம் வந்து அவளே இரண்டு பேரையும் நிற்க வைத்து, தலையிலிருந்து பாதம் வரை திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் பையைக் கீழே வைத்தாள்.

"அதுங்க திரும்ப வரும். பசங்களை இனிமே மொட்டமாடிக்கு அனுப்பாதீங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். மகளின் கண் நிறைந்துவிட்டது.

வழி கண்டுபிடித்தது ஓனரம்மா. காலையில் மேலே வந்து, சுவரோரம் கிடந்த மேல்பாதியைக் கழியால் தட்டிப் பார்த்தார். "இத கவுத்துப் போட்டு, மூடிய இறுக்கிட்டா இதுவும் தொட்டிதான சார்? வெரிசல்ல கொஞ்சம் தார் பூசுங்க. பின்னால மனையில, மரத்துக்கு அந்தாண்ட வெச்சிடலாம். வெயிலு அதுங்களுக்கும்தான்."

"தண்ணி?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

"நான் ஊத்திக்கறேன்" என்றார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

மாடியைத் தொட்ட வேப்பங்கிளையை ஆள் வைத்துக் கழித்தோம். மாடியில் பிள்ளைகளின் தொட்டியைச் சுற்றி, பழைய மீன்வலை ஒன்றை வாங்கிக் கூடாரம் போலக் கட்டினோம். குச்சி இனிமேல் என் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மனைவி உத்தரவு போட்டாள். பிள்ளைகள் வலைக்குள் குளித்தார்கள். பின்மனையில் பெரியப்பா குடும்பம் குளித்தது. ஓனரம்மா காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அங்கே குடம் குடமாக ஊற்றினார். சில நாள் பெரியப்பா வந்து வலையைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போவார். என் மகன் உள்ளேயிருந்து கையாட்டுவான்.

மாதக் கடைசியில் மனைவிக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், "நான் ஒரு தடவ எறங்கிப் பாக்கட்டுமா?" என்றாள். மகள் மக்கை நீட்டினாள். கால் கழுவிவிட்டு, நைட்டியோடு இறங்கி உட்கார்ந்தாள். தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் அவள் மடியில் விழுந்தார்கள். வாரம் முழுக்க வார்டில் நின்ற கால்களை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். "நாளைக்கி நான் லீவு போட்டுடட்டுமா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

அப்போது மலை உச்சியில் கருமேகம் இறங்கியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. முதலில் காற்று, போர்வை பறந்தது. பிறகு, சடசடவென்று கோடை மழை. சூடான தரையில் பட்டு ஆவி கிளம்பியது. ஓனரம்மா காயப்போட்ட வற்றலை எடுக்க ஓடி வந்தார். வற்றலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, என்ன தோன்றியதோ, திரும்ப வெளியே வந்து மழையில் நின்றார். என் மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டார்.

மழை விட்டதும் கீழே ஓனரம்மா வீட்டில் எல்லோருமாக வெங்காய பஜ்ஜி போட்டோம். மனைவி மாவு கரைத்தாள், நான் வெங்காயம் நறுக்கினேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் பஜ்ஜி காலியாகிக்கொண்டே இருந்தது. மகன் வாயில் பாதி பஜ்ஜியோடு சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான்.