சிவப்புத் தலைப்பாகைக்காரனுக்கு லீவு இல்லை

கப்பலைக் கண்ணால் பார்க்காமலே கப்பல் உத்தியோகம் பார்க்க முடியுமா? முடியும், கப்பல்காரருக்கு வாழ்க்கைப்பட்டால். நான் இலங்கை மலைநாட்டில், டயகம பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். என் வீட்டுக்காரர் ரவி சரக்குக் கப்பலில் சமையல்காரர். போன தடவை அவருடைய கப்பல் சண்டை நடக்கிற செங்கடல் வழியாகப் போனது. புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா தங்கச்சிமாரே, மிச்சம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

கரண்டிப் பட்டாளம்

சண்டைக் கடல் என்றதும் எங்கள் கடைவீதியில் அவரைப் பட்டாளத்திலேயே சேர்த்துவிட்டார்கள். சீனி வாங்கப் போனேன். கடை முதலாளி நிறுப்பதை நிறுத்திவிட்டு, "துவக்கு குடுத்திருக்காங்களாம்மா?" என்றார். "இல்லைங்க முதலாளி, கோதுமை ஏத்திட்டுப் போற கப்பல். அதுல இருக்கிறவங்க எல்லாம் நம்மள மாதிரி வேலை செய்யிறவங்கதான். இவரு சோறு ஆக்குறாரு" என்றேன்.

பயமிருந்தால் செங்கடலுக்கு முந்தின துறைமுகத்திலேயே இறங்கிக்கொள்ளலாம் என்று கேப்டன் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். நானும் இறங்கச் சொல்லிப் பார்த்தேன். "எல்லாரும் போறப்ப நான் மட்டும் இறங்கினா, அவங்களுக்கு யாரு ஆக்கிப் போடுவா?" என்று போனிலேயே சிரித்தார். இதையும் முதலாளியிடம் சொன்னேன். அவர் சீனிப் பையைக் கட்டிக்கொண்டே சொன்னது: "குண்டுக்கு நடுவுல பருப்புத் தாளிக்கப் போறவரை இப்பத்தாம்மா கேள்விப்படுறேன்."

கம்பியோரக் காவல்காரர்

அந்தக் கடலில் கப்பலைப் பிடிக்கிற ஆட்கள் துவக்கோடு சின்னப் படகுகளில் வந்து கப்பலில் ஏறிவிடுவார்களாம். காவலுக்கு நிறைய ஆள் இருப்பதுபோலக் காட்ட, கப்பலில் வேலை செய்கிறவர்கள் பழைய வேலை உடுப்புக்குள் துணியைத் திணித்துப் பொம்மை செய்து கப்பல் விளிம்புக் கம்பியோரமாக நிறுத்துவார்கள். மற்றவர்கள் செய்தது மூட்டை மாதிரிச் சரிந்ததாம். எங்கள் ஆள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கரட்டும் லீக்ஸும் போட்டு, காட்டுப் பன்றிக்குப் பொம்மை கட்டியே வளர்ந்தவர். தடியைக் குறுக்கே கட்டி நிமிர்த்தி, ஒன்றுக்குச் சிவப்புத் துணியில் தலைப்பாகையும் சுற்றிவிட்டார்.

படம் வந்தது. எங்கள் மகள் யாழினி பொம்மைக்கு முத்தம் கொடுத்தாள். "அது பொம்மைடா, பக்கத்துல கரண்டியோட நிக்கிறதுதான் அப்பா" என்றேன். அவள் நம்பவில்லை. சாயந்திரம் அவளைக் கூப்பிடப் பிள்ளை மடுவத்துக்குப் போனால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்: "கப்பல்ல பொம்மையா நிக்கிற வேலையாமே, சாப்பாடாவது போடுறாங்களா?"

நின்றுபோன புள்ளி

எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. மேலே தண்ணீர்த் தாங்கி வரை ஏறவேண்டும். ஏறினால், கப்பல் போகிற இடத்தைப் போனில் ஒரு புள்ளி காட்டும். ஆபத்தான இடம் வந்ததும் யாருக்கும் தெரியாமலிருக்க அதை அணைத்துவிடுவோம், பயப்படாதே என்று அவர் சொல்லித்தான் வைத்திருந்தார். புள்ளி நின்றதும் அவர் சொன்னதெல்லாம் எனக்கு எங்கே போனதோ. பார்த்துவிட்டு இறங்குவேன், தேத்தண்ணி நேரத்தில் மறுபடி ஏறுவேன். மலையில் நிற்கிற அத்தனை பேரும் "நகர்ந்துச்சா?" என்பார்கள். அன்றைக்கு என் கூடையில் கொழுந்தை விட முற்றின இலைதான் அதிகம். திட்ட வாயெடுத்த கங்காணி, என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நிரைக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த மல்லிகா அக்கா தன் கைக்கொழுந்தை என் கூடையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "புள்ளி நின்னா நிக்கட்டும்டி. நம்ம டயகம பஸ் எங்க நிக்குதுன்னு யாருக்குத் தெரியும், அது வந்து சேரலையா?"

தாண்டியாச்சு

சில நாள் கழித்து, தண்ணீர்த் தாங்கியடியில் நிற்கும்போதே போன் அடித்தது. "தாண்டிட்டோம்" என்றார். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு படகு கிட்டத்தில் வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாம். பொம்மைக்குப் பயந்ததா, வேறு ஜோலி இருந்ததா, யார் கண்டது? அன்றைக்குக் கேப்டன் இவர் ஆக்கிய சோற்றை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாராம்: "எல்லாரும் போய்த் தூங்குங்க. அந்தச் சிவப்புத் தலைப்பாகைக்காரனுக்கு மட்டும் லீவு கிடையாது."

மறுபடி அழைப்பு

இப்போது வீட்டில் இருக்கிறார். லயத்துக்குப் பின்னால் கரட்டுத் தோட்டத்தில் அதே மாதிரிப் பொம்மை, அதே சிவப்புத் தலைப்பாகை. நேற்று கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள்: அதே கப்பல், அதே வழி, வருகிறீர்களா? யோசித்துச் சொல்கிறேன் என்றவர், காலையில் பரணிலிருந்து பையை இறக்கித் துடைத்தார். நான் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கப்பல் உத்தியோகத்தில் இத்தனை காலம் இருந்தும் எனக்கு வராத யோசனை யாழினிக்கு வந்துவிட்டது. தோட்டத்துப் பொம்மையை மண்ணோடு இழுத்துவந்து பைமேல் சாய்த்துவிட்டு அவரிடம் சொன்னாள்: "அப்பா, இத கப்பலுக்கு அனுப்பிட்டு நீங்க நம்ம தோட்டத்துல நில்லுங்க."