பாவாயம்மா படத்துக்கு வீடு கேட்ட கதை

லொக்கேஷன் மேனேஜர் என்றால் சினிமாவில் பெரிய உத்தியோகம் என்று நினைத்துத்தான் என் மாமனார் பெண் கொடுத்தார். உண்மையில் அது, முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று, "உங்க வீட்டைப் பத்து நாளைக்குத் தாங்க" என்று கேட்கிற வேலை. வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும். நீங்கள் குடியிருக்கக் கேட்டீர்கள், நான் சுவரில் கரி பூசக் கேட்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் எங்கள் பக்கத்து நாட்டுப்புறப் பாடகி பாவாயம்மாவின் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்கள். மல்லசமுத்திரம் பக்கம் களை வெட்டிக்கொண்டே பாடிய சிறுமி, தறிப்பட்டறைக்கு வேலைக்குப் போய், கோயில் மேடைகளில் பாடி, கடைசியில் கடல் தாண்டியும் பாடிவிட்டு வந்த கதை. அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. படத்துக்கு இடம் பிடிக்கிற பொறுப்பு என்னுடையது.

ஏழை வீடு

படத்தில் பாவாயம்மாவின் வீடு ஏன் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். காரணம் சரஸ்வதியக்கா. அம்மா பிறந்த குடிசை இருந்த இடத்தில் இப்போது காங்கிரீட் வீடு நிற்கிறது. அதனால் பழைய ஓட்டு வீடு தேடி ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் அக்காவின் வீட்டைப் பிடித்தேன். சரிந்த ஓடு, புகை ஏறிய அடுப்படி, காரை பெயர்ந்த சுவர். போட்டோவைப் பார்த்த டைரக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஷூட்டிங் அன்று காலையில் ஆட்களோடு போய் இறங்கினால், வீடு கண்ணைப் பறிக்கிறது. சுவர் முழுக்க வெள்ளை அடித்து, தரையைச் சாணி போட்டு மெழுகி, பித்தளைக் குடத்தைப் புளி வைத்துத் தேய்த்து வைத்திருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? ஏழை வீடா வேணும்னுதானே கேட்டேன்?" என்றேன். அக்கா சுண்ணாம்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, ஏழை ஊடுன்னா அழுக்கா இருக்கோணும்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

தறிச் சத்தம்

குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறை கிடைத்தது. பாவாயம்மாவாக நடித்த பெண் சென்னைக்காரி. வேலை செய்துகொண்டே பாடுகிற காட்சி. தறிகளை நிறுத்த வேண்டாம், ஓடட்டும் என்றார் டைரக்டர். ஓடின. பக்கத்தில் நின்ற எனக்கே அந்தப் பெண்ணின் குரல் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஆனால் அவள் பாடி முடித்ததும், கடைசித் தறியில் நின்ற ஆறுமுகம் அண்ணன் கையைத் தூக்கித் தட்டினார்.

தறிகளை நிறுத்தியதும் அந்தப் பெண் ஓடிப்போய், "உங்களுக்கு எப்படிங்க கேட்டுச்சு?" என்றாள். இந்தச் சத்தத்தில் வாழ்கிறவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் உதட்டைப் பார்த்தே படிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். ஆறுமுகம் அண்ணன் கூச்சத்தோடு சொன்னார்: "கேக்கலைங்க, பாத்தேன். அருமையாப் பாடுனீங்க. மூணாவது அடியில ஒரு வார்த்தையைத்தான் உட்டுப்போட்டீங்க."

கல்யாண வீடு

பாவாயம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் ராசிபுரம் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாடி முடித்துப் பந்தியில் உட்கார்ந்தவளை, வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் திட்டி எழுப்பி, வெளியே அனுப்பிவிட்டார். அந்தக் காட்சியை அதே வீட்டில் எடுக்க டைரக்டருக்கு ஆசை. இப்போது அங்கே இருப்பவர் அந்த வீட்டுக்காரரின் மகன், தங்கவேல் அண்ணன். நான் போய், "ஒரு கல்யாணக் காட்சிங்க" என்று மட்டும் சொன்னேன். காபி கொடுத்து, சரி என்றுவிட்டார்.

ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் முன்பு பாவாயம்மா என்னைக் கூப்பிட்டு, "என்ன காட்சின்னு சொல்லித்தான கேட்டே, சாமி?" என்றார். "கல்யாணக் காட்சின்னு மட்டுந்தான் சொன்னேம்மா," என்றேன். "மறைச்சு வாங்குன ஊட்டுல என்ர கதையை எடுக்கக் கூடாது. போய்ச் சொல்லு. வேண்டாம்னா உட்டுரு." பந்தல் போட்டாகிவிட்டது, துணை நடிகர்கள் புறப்பட்டாகிவிட்டது. வேண்டாம் என்று தங்கவேல் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போய்விடும். அந்தக் காட்சி எழுதிய காகிதத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "அந்தப் பந்தியில நானும் ஒக்காந்திருந்தேனுங்க, சின்னப் பையனா. எங்கப்பன் பேசுனது இதுல இருக்கறதைவிட மோசம். அதை அப்படியே எழுதச் சொல்லுங்க," என்றார்.

ஷூட்டிங் அன்று பாவாயம்மா வந்தார். மதியச் சாப்பாட்டுக்குத் தங்கவேல் அண்ணன் அவரை வீட்டுக்குள் கூட்டிப்போய், நடுக்கூடத்தில் இலை போட்டு, தானே பரிமாறினார். அம்மா ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "வகுறு நெறைஞ்சு போச்சு, தம்பி. ரசத்துலதான் உப்பு ஒரு கல்லு கம்மி."

முதல் காட்சி

சேலத்தில் ஒரு தியேட்டரில் பாவாயம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தேன். படத்தை எங்கே பார்த்தேன், அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் இறந்த மறுநாளே அந்தச் சிறுமி களை வெட்டப் போகிற இடத்தில் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. பாவாயம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விளக்கு எரிந்ததும் ஜனங்கள் எழுந்து அவரைப் பார்த்துக் கை தட்டினார்கள். என் தோளைப் பிடித்து எழுந்தார். "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன். "நல்லாத்தான் எடுத்திருக்கறாங்க, சாமி. அந்தப் புள்ளதான் பாவம், ரொம்பச் சிரமப்பட்டிருச்சு," என்றார்.

படம் முடிந்து ஓடுகிற எழுத்துகளில் என் பெயர் வருவதற்குள் ஜனங்கள் செருப்பைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள் என்றாலும், இந்தப் பக்கம் எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க எனக்கு ஒரு வீடு இருக்கிறது.