அவளுக்குத் தெரியாத சத்தம்

குசினியில் தேத்தண்ணீருக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு நின்றபோது தயாபரனின் மனிசி கௌரி தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணை, இவர் எழும்பேல்லை," என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டு வாசலில் நின்றார்கள். நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது, அவர் ஒன்றும் அறிந்திருக்க மாட்டார் என்றார்கள். தயாபரன் ஒருக்களித்துப் படுத்தபடி, வழக்கமாகத் தூங்குகிறவனைப் போலவே கிடந்தான்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. "அப்பாடா, துவக்கு வீட்டில் இல்லை" என்ற நினைப்புத்தான் வந்தது. நண்பன் செத்துக் கிடக்கும்போது இவனுக்கு இந்த நினைப்பா என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். தயாவை உங்களில் பலருக்குத் தெரியும். டண்டினொங்கில் முதுகுவலி, தோள்வலி என்று போன தமிழரில் பாதிப்பேரைப் பிடித்து நிமிர்த்திவிட்ட பிசியோ அவன்தான். ஆனால் அவன் வேட்டைக்காரன் என்பதும், நல்ல இலக்குச் சுடுகாரன் என்பதும் உங்களில் சிலருக்கே தெரியும். அந்தத் துவக்கு கௌரியை எப்படி வாட்டியது என்பதை என்னைவிட வேறு யாரும் அறிய நியாயமில்லை.

அவன், இவன் என்று எழுதுவதற்கும் மன்னியுங்கள். நாங்கள் இருவரும் ஒரே வயது. 'அவர்' என்று எழுதினால் எழும்பி வந்து சிரிப்பான்.

பண்ணைக்காரர் ஒருவருக்குத் தோள் இறுகிப்போய், தயாவிடம் வைத்தியத்துக்கு வந்தார். கிப்ஸ்லாந்துப் பக்கம் அவருக்குக் காணி. காட்டிலிருந்து மரை மான்கள் இறங்கிப் பயிரை மேய்வதாகச் சொல்லிப் புலம்பினார். மரை என்றதும் தயாவுக்குக் காது நிமிர்ந்துவிட்டது. எங்கள் வன்னிக் காட்டில் திரிகிற அதே மிருகம்தான். ஒருகாலத்தில் கப்பலில் கொண்டுவந்து இங்கே காட்டில் விட்டார்களாம். இப்போது விக்ரோறியா மலைகளெல்லாம் அதுகளின் ராச்சியம். தயா முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்தான், சனிக்கிழமைகளில் இலக்குச் சுடும் கழகத்துக்குப் போனான், பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

நான் மின்சார வேலைக்காரன். எதையும் பெரிதாக வாங்குவதுதான் கெட்டித்தனம் என்று நினைக்கிற சாதி. மரை மாட்டளவு மிருகம், ஆகவே எனக்கு இருப்பதிலேயே பெரிய தோட்டா சுடுகிற மக்னம் ரைபிள்தான் வேண்டும் என்றேன். தயா சிரிக்கவில்லை. "சேர்ட்டைக் கழட்டு," என்றான். என் வலத்தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்தான், கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். பிறகு கேள்விகள். "எவ்வளவு தூரத்திலை நிக்கிற மிருகத்துக்கு வெடி வைப்பாய்? மூக்குக்கண்ணாடி இல்லாமல் உனக்கு என்ன தெரியும்? பழகிறதுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை வருவியோ, இல்லாட்டி வேட்டைக்கு மட்டும் தூக்குவியோ?" பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை யாரும் இப்படிக் குடையவில்லை.

அடுத்த சனிக்கிழமை கழகத்தில் யாரோ ஒருவரின் மக்னத்தை இரவல் வாங்கித் தந்தான். தோட்டாக்களை அவனே போட்டுத் தந்தான். முதல் வெடியில் என் பல் எல்லாம் ஆடியது. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதற்கு நான் கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கி, விசையை இழுத்தேன். வெடி கேட்கவில்லை. வெறும் 'டிக்'. அவன் என் கண்ணில் படாமல் மருந்தில்லாத பொய்த் தோட்டாவை நடுவில் போட்டிருந்தான். ஒன்றும் வெடிக்காமலே துவக்கின் வாய் நிலத்தைப் பார்த்துக் குத்தியது. பின்னால் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தயா காதுமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "துவக்கு வெடிக்கேல்லை மச்சான். நீதான் வெடிச்சனி."

கோபம் வந்தது, ஏன் பொய் சொல்வான். ஆனால் அவன் சொன்னது நியாயம். அடிக்குப் பயந்து கண்ணை மூடுகிறவன் கையில் பெரிய தோட்டா இருந்தென்ன, பீரங்கி இருந்தென்ன. குறி தவறும், மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடிக் கிடந்து சாகும். "உன்னாலை கண்ணை முழிச்சுக்கொண்டு சுடக்கூடிய ஆகப் பெரிய அளவு எதுவோ, அதுதான் உன்ர அளவு," என்பான். ஒரு பருவம் முழுக்க என்னைச் சின்ன டுவென்டி டூவில் கடதாசி இலக்கைச் சுடவிட்டான். உதைப்பில்லாத, குழந்தைப் பிள்ளை போன்ற துவக்கு. அதில்தான் என் கண் திறந்தது.

அப்போது தயாவிடம் வேட்டைக்கு ஒரு த்ரீ ஓ எயிட் இருந்தது. எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கும், மரைக்கும் போதும், இலக்குக்கும் உதவும் என்று சகலரும் கைகாட்டுகிற அளவு அது. அவனும் அதில் உயிராக இருந்தான். பிறகு கௌரி வந்தாள்.

பிந்திய கலியாணம். தயா சண்டை மூளுவதற்கு முன்னமே படிக்க வெளிக்கிட்டவன். கௌரி கடைசிவரை வன்னியில் நின்று, ஒரு தமையனைப் பறிகொடுத்து, எல்லாவற்றையும் கண்டு வந்தவள். வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் துவக்கு இருப்பதை அவன் மறைக்கவில்லை, முதல் நாளே சொன்னான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உங்கட சந்தோசத்தை நான் ஏன் கெடுப்பான்," என்றாளாம். ஒரேயொரு வாக்குத்தான் கேட்டாள். "எனக்கு முன்னாலை நீங்கள் போயிட்டீங்கள் எண்டா, துவக்கைக் கேட்டு உடுப்புப் போட்டவை இந்தக் கதவைத் தட்டக் கூடாது." துவக்கு வைத்திருப்பவர் இறந்தால், அதை ஒப்படைக்கும்வரை பொலிஸ் அதைத் தேடித்தான் வரும். இங்கே அது மரியாதையான விசயம். மணி அடித்து, அனுதாபம் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். கௌரியின் தமையனைக் கொண்டு போனவர்களும் துவக்கு இருக்கிறதா என்று கேட்டுத்தான் படலைக்கு வந்தார்கள்.

அவள் நித்திரை கொள்வதில்லை என்பது தயாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாளாம். பக்கத்து அறையில் அலுமாரி கிரீச்சிட்டாலும் எழும்பி உட்கார்ந்துவிடுவாளாம்.

ஒருநாள் அவளே கேட்டாள், தானும் கழகத்துக்கு வருவதாக. நாங்கள் இரண்டு பேரும் திகைத்துப் போனோம். காரைத் தூரத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே இருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். தயா த்ரீ ஓ எயிட்டால் ஒரு வெடி வைத்தான். கௌரி குனியவில்லை, கத்தவில்லை. "இது எஸ்.எல்.ஆர். ஆமிக்காரர் வைச்சிருந்தது," என்றாள், கடையில் மரக்கறியின் பெயர் சொல்வதுபோல. சரியாகத்தான் சொன்னாள், இரண்டும் ஒரே தோட்டா. பிறகு யாரோ டூ டூ த்ரீயால் சுட்டார்கள். "இது எம் சிக்ஸ்ரீன்." அதுவும் சரி. டுவென்டி டூவுக்கு மட்டும் சிரித்தாள். "இதென்ன அண்ணை, சீனவெடியோ?" அப்போது ஓர் ஓரத்தில் கழகத்துக் கிழவர் ஒருவர் தன்னுடைய டூ செவன்டியால் சுட்டார். கௌரி தலையைச் சரித்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். "இது எனக்குத் தெரியாது," என்றாள்.

நான் போய்த் தயாவிடம் சொன்னேன். அடுத்த கிழமையே தன் த்ரீ ஓ எயிட்டை முறைப்படி எனக்கு மாற்றிவிட்டு, ஒரு டூ செவன்டி வாங்கினான். மரை சுட இந்த மாநிலச் சட்டம் கேட்கிற ஆகக் குறைந்த அளவும் அதுதான். ஆகவே வேட்டைக்கும் குறையில்லை. கழகத்தில் ஏன் மாற்றினாய் என்று கேட்டவர்களுக்குத் தோட்டா நேராகப் பறக்கும், உதைப்பு மெல்லிசு என்று எதையெதையோ சொன்னான். தோட்டாவின் வேகம், எடை எல்லாம் படித்தவர்கள் உண்மைக் காரணத்தைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மனிசியின் காதை வைத்துத் துவக்குத் தெரிவுசெய்தவன் இந்த அவுஸ்திரேலியாவில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

அந்த டூ செவன்டியோடு மலைக்குப் போன ஒரு பயணம் மறக்காது. விடிந்து வெளிக்கும் நேரம், மேட்டு விளிம்பில் ஒரு கிடா மரை. கொம்பு என்றால் கொம்பு, அப்படியொரு கொம்பு. தயாவுக்குத்தான் முறை. அவன் துவக்கை எடுத்தான், பார்த்தான், இறக்கிவிட்டான். மரை ஆறுதலாக மறுபக்கம் இறங்கிப் போனது. நான் வாயில் வந்தபடி ஏசினேன். "உனக்கென்ன விசரோ? வாசலிலை வந்து நிண்டதை விட்டிட்டாயேடா!" அவன் அமைதியாகச் சொன்னான்: "அதுக்குப் பின்னாலை வெறும் வானம் மச்சான். வானத்துக்கு அங்காலை ஆரின்ரையோ வீடு." அன்று முழுக்க நான் அவனோடு கதைக்கவில்லை. திரும்பும் வழியில் கடையொன்றில் சுடச்சுட இறைச்சிப் 'பை' ஒன்றைச் சாப்பிட வாங்கித் தந்து என்னைச் சமாதானப்படுத்தினான்.

இதய வருத்தம் வந்தது போன கோடையில். மருத்துவர் என்ன சொன்னார் என்பதை அவன் எனக்குச் சொன்னான், கௌரிக்குப் பாதிதான் சொன்னான். அன்றிலிருந்து எனக்குள் ஒரே உதைப்பு. இவன் திடீரென்று போய்விட்டால் அந்தப் பெட்டி? அந்த வாக்கு? துவக்கை என் வீட்டுப் பெட்டிக்குள் வைக்கிறேன் என்று முன்பே ஒருதரம் கேட்டிருந்தேன். "என்ர வில்லங்கத்தை உன்ர மனிசியின்ர தலையிலை கட்டவோ?" என்று மறுத்திருந்தான். இப்போது திரும்பக் கேட்கவும் நா எழவில்லை. துவக்கை விடு என்றால், நீ சாகப் போகிறாய் என்று சொன்னதுபோல ஆகிவிடுமே. கேட்கப் போவேன், கிரிக்கெட் கதைத்துவிட்டு வருவேன்.

ஒரு சனிக்கிழமை அவனே சொன்னான். "விக்கப் போறன் மச்சான்." எனக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. உடனே என் பழைய குணமும் தலை தூக்கியது. "அப்ப எனக்குத் தா," என்றேன். அந்தக் கிடா நின்ற மேடு இன்னும் என் கண்ணில் நின்றது. தயா என் கையைப் பிடித்து நீட்டிப் பார்த்தான். "இது என்ர கட்டைக் கைக்கு அடிக்கட்டையைக் குறைச்சு வெட்டினது. உன்ர நீட்டுக் கைக்குச் சரிவராது, சதையில்லாத இடத்திலை உதைக்கும்." கழகத்தில் ஒரு தாதி இருக்கிறாள், அவனளவு உயரம். அவளுக்குத்தான் முகவர் மூலம் கொடுத்தான். எனக்கு ஒரு தோட்டாகூட மிஞ்சவில்லை. கடைசிவரை அவனுக்கு அளவுதான் பெரிது, சிநேகிதம் அடுத்ததுதான் என்று கழகம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பெட்டியைச் சுவரிலிருந்து கழற்ற நான்தான் போனேன். கௌரி வெளியே வந்து பார்க்கவில்லை, குசினியிலேயே நின்றாள். திருகாணிகளைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, வெள்ளையும் பூசிவிட்டு வந்தேன். மறுநாள் வேலையில் நிற்கும்போது தயா அழைத்தான். ஏதோ வருத்தம் கூடிவிட்டது என்று பதறி எடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "மச்சான், கௌரி குறட்டை விடுறாள்! சத்தியமா! நான் முழிச்சிருந்து கேட்டனான். லொறி ஏத்தம் ஏறுறமாதிரி விடுறாள்." இத்தனை வருசக் கலியாணத்தில் முதல் தடவை. அவனுக்கு அந்தச் சந்தோசத்தில் பேச்சே தடுமாறியது. அதன்பின் பார்க்கும்போதெல்லாம் அவளை வைத்துக்கொண்டே அந்தக் குறட்டையைச் செய்து காட்டுவான். அவள் அகப்பையால் ஓங்குவாள்.

அந்த வீட்டுக் கதவை எந்த உடுப்பும் தட்டவில்லை. சாவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அவனிடம் வைத்தியத்துக்கு முதுகு காட்டிய சனங்கள்தான். அந்தத் தாதியும் வந்தாள். ஒருவரும் துவக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள், மிஞ்சிய சாப்பாட்டுச் சட்டிகளைக் கொடுக்கப் போனேன். கௌரி தேத்தண்ணீர் தந்துவிட்டு, எதிர்க் கதிரையில் இருந்தாள். ஏதோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தாள். "என்ன தங்கச்சி?" என்றேன்.

"அண்ணை, அண்டைக்கு இவர் போகேக்கை நான் பக்கத்திலைதான் கிடந்தனான். எனக்குத் தெரியேல்லை. முந்தியெண்டா இலை விழுந்தாலும் எழும்புவன். அண்டைக்கு நல்ல நித்திரை."

"அவன் முனகக்கூட இல்லை எண்டுதானே சொன்னவை. நீ முழிச்சிருந்தாலும் தெரிஞ்சிராது."

"அதில்லை அண்ணை." அவள் என்னைப் பார்க்கவில்லை. "அவர் போன பிறகும் எனக்கு நித்திரை வருது. சனமெல்லாம் நித்திரை கொள்ளுறியோ, பாவம், கொள்ள மாட்டாய் எண்டு கேக்கினம். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டுறன். ஆனா படுத்தவுடனை வருது. விடியத்தான் எழும்புறன். ஏசாதேங்கோ."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவன் செத்த அன்றைக்கு வராதது, சுடலையில் வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. அவளும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னுடைய குறட்டை பக்கத்து வீட்டுக்காரிக்கும் கேட்கிறதாம் என்று சொன்னாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

தயா எனக்கு அந்த டூ செவன்டியைத் தரவில்லை. அவன் சொன்ன அளவுகளையும் வேகங்களையும் நான் ஒருநாள் மறந்துபோவேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு செய்திதான். கௌரி நித்திரை கொள்கிறாள்.