நாற்பத்தொரு கிலோமீட்டர்

என்னிடம் கோடு போட்ட தாள் ஒன்று இருக்கிறது. மேல் மூலையில் 'ஜூன் 9' என்று எழுதியிருக்கிறது, ஆண்டு இல்லை. எழுதியவர் சித்தப்பா, என் அப்பாவின் தம்பி. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் புறப்பட்ட காலையில், தன் பழைய வெள்ளைக் காரை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்பாவுக்கு எழுதி வைத்தது:

"அண்ணே, ஞாயித்துக்கிழமை தவறாம ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் ஓடவிடு. முடிஞ்சதும் பேட்டரியோட கறுப்பு ஒயரக் கழட்டிரு. ஹேண்ட் பிரேக் போடாத, ஒட்டிக்கும். டயருக்குக் கல்லு வையி. வாரம் ஒருக்கா அரைச் சுத்து தள்ளி நிறுத்து. சீட்டையும் கண்ணாடியையும் தொடாத. நான் வந்ததும் அப்படியே ஏறி ஓட்டணும்."

அடியில் வேறு மையில் அப்பாவின் கையெழுத்து: 'புறப்படும்போது 48175. ஏர்போர்ட் போய் வந்தபின் 48216.'

அப்போது எனக்கு மூன்று வயது. நாங்கள் பரவையில் குடியிருந்தோம். கார் வீட்டின் பக்கவாட்டில், தகரக் கூரைக்குக் கீழே நின்றது. சித்தப்பாவிடமிருந்து இரண்டு ஆண்டுகள் ஃபோன் வந்தது. பிறகு வரவில்லை. விசாரித்த இடங்களில் எல்லாம் தெரியாது என்றே பதில் கிடைத்தது. இரண்டு சாவிகளில் ஒன்று அப்பாவிடம். மற்றதைச் சித்தப்பா கொண்டுபோயிருந்தார்.

ஃபோன் நின்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமை நிற்கவில்லை. காலை பத்து மணிக்கு அப்பா ஒயரை மாட்டுவார். அவர் உயரமானவர், தம்பியின் இருக்கையைத் தள்ளாமல் உட்கார முடியாது; ஏர்போர்ட்டிலிருந்து ஓட்டி வந்த அன்றே இருக்கையையும் கண்ணாடியையும் பழையபடி வைத்துவிட்டார். அதனால் வெளியே நின்றபடி ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்புவார். இடப்பக்க இருக்கையில் சித்தி, தலைக்குக் குளித்து, பூ வைத்து, தயாராக உட்கார்ந்திருப்பாள். நான் பின்னால். ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை. இன்ஜினின் உதறலில் ஸ்டியரிங் லேசாக நடுங்கும். மேலே இருந்த கண்ணாடி சித்தப்பாவின் கண்ணுக்கு வைத்தபடியே இருந்ததால், பின்னாலிருந்து எப்படி எட்டிப் பார்த்தாலும் அதில் ஒரு முகமும் தெரியாது.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டுவாள்.

"என்ன, டூரு கெளம்பியாச்சா? இன்னைக்குக் கொடைக்கானலா, ராமேஸ்வரமா?"

"ஏர்போர்ட்டு வரைக்குந்தான்க்கா. ஒடனே வந்துருவோம்" என்பாள் சித்தி, சிரிக்காமல்.

எனக்குக் கணக்கு வைக்கும் பழக்கம் அப்போதே உண்டு. சித்தப்பாவின் கார் என்று ஒரு நோட்டுப் போட்டு, வாராவாரம் தேதியையும் கிலோமீட்டர் எண்ணையும் எழுதுவேன். எண் மாறாது: 48216. எழுத வேறொன்றும் இல்லாததால் சித்தியையும் எழுதத் தொடங்கினேன். நான்காவது நிமிடம், "காளவாசல்ல கூட்டத்தப் பாரு" என்பாள், ஏர்போர்ட் வழியில் வரும் அந்த நாற்சந்தியைத் தாண்டுகிறவளைப் போல. ஐந்தாவது நிமிடம், வளைவில் திரும்புகிறவளைப் போல இடப்பக்கம் சாய்வாள். எட்டாவதில், மேடு ஏறி இறங்குவதற்கு முன் பிடித்துக்கொள்வதுபோல முன்பலகையைப் பிடித்துக்கொள்வாள். கார் நின்ற இடத்தில்தான் நிற்கும். பத்தாவது நிமிடம் கதவைத் திறந்து, களைத்துப்போய் இறங்குவாள். எனக்கு அதில் பயம் ஒன்றும் இருந்ததில்லை. அம்மா மட்டும் அந்தப் பத்து நிமிடமும் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது காரின் பதிவுக்காலம் முடிய வந்தது. புதுப்பிப்பதற்காக, ஃபாரம் நிரப்பித் தரும் ஒருவரை அப்பா வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார்.

"ஓனரு நேர்ல வரணும்ணே. வர முடியாதுன்னா, அவரு இல்லைங்கிறதுக்குப் பேப்பரு வேணும்."

நிலைப்படியில் நின்றிருந்த சித்தி உள்ளே போய்விட்டாள்.

ஏழு ஆண்டுகளாகத் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதும்படி கோர்ட்டில் கேட்கலாம் என்று அப்பா விசாரித்து வந்தார். காருக்காக மட்டும் இல்லை, அவளுடைய மீதி வாழ்க்கைக்காகவும்தான் என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பல நாள் பேச்சுக்குப் பிறகு சித்தி ஒத்துக்கொண்டாள். மனு டைப் செய்து வந்தது. வருகிற ஞாயிறு காலை கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். போட்டால் நெற்றிக் குங்குமத்தை அவளே அழித்த மாதிரி ஆகும். அந்த வாரம் முழுக்க அவள் கண்ணாடி பார்க்கவில்லை.

அதற்கு முன் வியாழக்கிழமை, கொட்டாம்பட்டியில் சித்தியின் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோரும் பஸ்ஸில் போனோம். அப்பா வெள்ளிக்கிழமையே, ஆபீஸில் அவசர வேலை என்று தனியாகத் திரும்பினார். நாங்கள் சனிக்கிழமை மாலை வந்தோம்.

ஞாயிறு காலை பத்து மணி. கறுப்பு ஒயர் கழட்டியே இருந்தது. டயருக்கு வைத்த கற்கள் வைத்தபடி. இருக்கை, கண்ணாடி எதுவும் அசையவில்லை. வழக்கம்போல எட்டிப் பார்த்து எழுதப்போன என் கை நின்றுவிட்டது. 48257.

சத்தமாகப் படித்தேன். அப்பாவின் கை சாவியிலேயே நின்றது. கழித்தல் எனக்குக் கைவந்த கலை. பெருமையோடு விடையையும் சொன்னேன்.

"நாப்பத்தொண்ணு! சித்தி, ஏர்போர்ட்டுக்குப் போயிட்டு வர்ற தூரம். அந்தத் தாள்ல இருக்குல்ல?"

மதிலுக்கு மேலே எழும்பிய தலை கீழே இறங்கிவிட்டது.

"நோட்டுல தப்பா எழுதிருக்க, பாப்பா" என்றார் அப்பா. "போன வாரமும் அம்பத்தேழுதான்."

"இல்லப்பா. நான் தப்பா எழுதவே மாட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. தப்பா எழுதிட்டேன்னு சொல்லு, தாயி."

அப்பா என்னைத் தாயி என்று கூப்பிட்டது அது ஒரு முறைதான். நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய்ப் பழைய பக்கங்களையும் புரட்டிக் காட்டினேன். ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு 48216, என் அழகான கையெழுத்தில். சித்தி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு மனுவை நான்காக மடித்துக் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"வந்துட்டுப் போயிருக்காக" என்றாள். "வீட்டுல ஆளில்லாத நாளாப் பாத்து வந்திருக்காக. ஒயரக்கூடக் கழட்டி வச்சிட்டுப் போயிருக்காக, பாருங்க மச்சான்."

"கையெழுத்து..."

"ரோட்டுக்குப் போனாத்தானே பேப்பரு கேப்பாக? வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க, பத்து மணி ஆயிருச்சு."

அப்பா சாவியைத் திருப்பினார். அன்று அவள் எந்த இடத்தின் பேரையும் சொல்லவில்லை. வலப்பக்கம் திரும்பி, காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது நிமிடம் நானும் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

இப்போது எனக்கும் ஒரு கார் இருக்கிறது. நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டால் பேட்டரி ஏறாது, ஸ்டார்ட் செய்ய எடுத்ததைக்கூட அது திரும்பப் பெறாது, அவ்வப்போது நல்ல தூரம் ஓட்டிவர வேண்டும் என்று என் மெக்கானிக் சொன்னபோது அப்பாவை நினைத்தேன். பேட்டரிக்காக ஓட்டினேன் என்று அன்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓட்டியது யாராக இருந்தாலும் அந்தத் தாளை வரிக்கு வரி அறிந்தவர். அப்படிப்பட்டவர்களில் சாவி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்.

அப்பா இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அம்மா தற்செயலாகச் சொன்னாள்: கல்யாண வீட்டில் அப்பாவுக்கு ஒரு ஃபோன் வந்தது, பேசிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பினார், யார் என்று கேட்டதற்கு, "தம்பிகூட வேலை பாத்தவன், ஊருக்கு வாரான்" என்று மட்டும் சொன்னார். அதைச் சித்தியிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அந்த ஆள் என்ன சொன்னான் என்று அம்மாவும் கேட்கவில்லை.

அப்பா என்னை ஒரு சின்னப் பொய் சொல்லச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். எதைத் தனியாகச் சுமக்க முடியாமல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அவர் கெஞ்சினார் என்பது எனக்குப் புரியவில்லை. என் நோட்டு சரியாக இருந்தது. சித்தி இன்னும் குங்குமம் வைக்கிறாள், இன்னும் ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கிறாள். இன்ஜின் உயிர்விட்டுப் பல காலம் ஆகிறது.

அந்த வியாழனுக்கும் ஞாயிறுக்கும் இடையில் காரை ஓட்டியது அப்பாதானா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.