கழுவிய போர்தோ

சுவிற்சர்லாந்தின் சூக் நகரில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணைக்கும் அங்கே வேலை கேட்டுக் கொடுத்தேன். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

சேர்ந்த கிழமையிலேயே முதலாளி அவரை நிலவறைக்கு அனுப்பி, பழைய போர்தோ சிவப்பு வைன் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். அண்ணை அந்தப் போத்தலைத் தொட்டியில் போட்டுச் சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவினார். லேபல் கூழாகி உரிந்துவிட்டது.

"என்ன அண்ணை செய்தனீங்கள்?"

"ஒரே தூசியடா. அப்பிடியே மேசைக்குக் குடுக்கிறதோ?"

"அந்தத் தூசிக்குத்தான் சனம் காசு குடுக்குது."

அண்ணை உரிந்த லேபலைத் திரும்ப ஒட்டப் பார்த்தார். "அப்ப என்னை நிப்பாட்டிப் போடுவாங்களோ?"

அந்தப் போத்தலின் விலை எனக்கும் தெரியாது. பிரான்சில் போர்தோப் பக்கம் ஒரு பருவம் திராட்சை வெட்டியிருக்கிறேன். கூழாங்கல் நிலமும் முதுகு நோவும்தான் நினைவிருக்கிறது. அந்த வைனை நான் குடித்ததில்லை.

முதலாளி வந்து வெறும் போத்தலைப் பார்த்தார். லேபல் இல்லாமல் எந்த வாடிக்கையாளரும் அதை வாங்கமாட்டார். ஆனால் முதலாளி திட்டவில்லை. வேறொன்றைத் தானே எடுத்துவந்து மேசைக்குக் கொடுத்தார். பிறகு வேலையாட்களின் சாப்பாட்டு மேசையில் கழுவிய போத்தலைத் திறந்து, முதல் கிளாஸை அண்ணையிடம் நீட்டினார்.

அண்ணை ஒரு மிடறு குடித்தார். இனிப்பே இல்லை, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு என்று முகம் சுளித்தார்.

"நாளைக்கு வாறதோ எண்டு கேள்," என்றார் என்னிடம்.

கேட்டேன். வரட்டும், நிலவறைக்கு மட்டும் போகவேண்டாம் என்றார் முதலாளி. அண்ணை மிச்சத்தை மருந்துபோல ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கழுவக் கிடந்த சட்டிகள் பக்கம் போனார்.