ஃபார்மட்டுக்கு ஓகே சொன்ன நாள்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கோளாறுகளை போனிலேயே சரிசெய்வதுதான் என் வேலை. அங்கே எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல் இருக்கும். யோசிக்காமல் ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வோம். மர்பி டவுனிலிருந்து அக்கா கூப்பிட்டபோதும் அதே ஆபீஸ் குரலில்தான் பேசினேன்.

"ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டர்ல காட்டவே மாட்டேங்குதுடா."

"கேபிளை வேற போர்ட்ல சொருகுக்கா."

"ஃபார்மட் பண்ணணுமான்னு கேக்குதுடா."

"ஓகே குடு."

"ஆ, வந்துடுச்சு!" என்று சந்தோஷப்பட்டாள். பிறகு மெதுவாக, "உள்ள ஒண்ணுமே இல்லையேடா" என்றாள்.

அவள் கணவர், போன வருஷம் தவறிய எங்கள் மாமா, சர்ச்சில் பாடிய வீடியோக்கள் அதில் மட்டும்தான் இருந்தன. நேரில் போய் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒன்றுகூட மீளவில்லை.

"விடுடா, உள்ள என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.